இத்தா நாட்களின் விமானம்

கிள்ளான்
28 மே 2025

லோகேஸ்வரிக்கு,

நான் உன்னோடு பேசுவதில்லை என்பதை மறக்கவில்லை. இது பேச்சு இல்லை, எழுத்து. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

அவர் தவறி இருபத்தைந்து நாள் ஆகிறது. நான் இத்தாவில் இருக்கிறேன். புருஷன் போனவளுக்கு நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடுதான், வாசல் கேட்டைத் தாண்டி என் செருப்பு போகாது. துணிக்கடையைக் கொழுந்தன் ஹாசிம் பார்த்துக்கொள்கிறான். சப்ளையர்கள் எல்லோரும் என் போனுக்குத்தான் கூப்பிடுவார்கள் என்று போனையும் அவனே வைத்துக்கொண்டான். எனக்குத் துணை என்று அவன் மனைவி வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அடுப்படிக்குப் போனால் அவள் பார்வையும் கூடவே வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் தமன்னா பினாங்குக்குப் படிக்கப் போகும்போது பெரிய கம்ப்யூட்டரை அறையிலேயே விட்டுப் போனாள். அதில் ஒரு ஆட்டம் இருக்கிறது. போர் விமானத்தில் ஏறி, முகம் தெரியாத ஆட்களோடு சண்டை போடுவது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் உன் பூக்கடையிலிருந்து பலகைச் சுவர் வழியாக வருமே, அதே சத்தம். அதற்காக எத்தனை தடவை சுவரைத் தட்டியிருக்கிறேன்!

பத்தொன்பது தடவை ஏறினேன். பத்தொன்பது தடவையும் விழுந்தேன். அதில் நான்கு தடவை யாரும் சுடக்கூட இல்லை, நானே மரத்தில் மோதினேன். எனக்குத் தெரிந்து இதை விளையாடுகிறவள் நீ ஒருத்திதான். எப்படி விழாமல் இருப்பது என்று எழுது. கடையில் பிளவுஸ் தைக்கும் தங்கமணி சாயங்காலம் இங்கே வந்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். அவளிடம் கொடு.

இன்னொன்று. கடை எப்படி இருக்கிறது? பார்த்ததை மட்டும் எழுது. உன் அபிப்பிராயம் வேண்டாம்.

ஜுபைதா


30 மே

ஜுபைதா அக்கா,

அகமது அண்ணே மவுத்தன்னிக்கு நான் வந்தேன். கேட்டுக்கு வெளியே நின்னுட்டுத் திரும்பிட்டேன். உள்ளே வந்தா உங்ககிட்ட பேசணும், பேசினா நான் தோத்த மாதிரி ஆயிடும்னு ஒரு கேடுகெட்ட புத்தி. கடை முன்னால இருக்கிற ஐந்தடி நடையில உங்க துணி ஸ்டாண்டு என் பூ வாளிய இடிச்சதுக்காக ரெண்டு வருஷம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தோமே, நம்மள மாதிரி ரெண்டு ஆளு கிள்ளான்லயே கிடையாது. மன்னிச்சிருங்க.

ஆட்டத்துக்கு வரேன். நீங்க ஆடுறத பார்க்காமலே உங்க தப்பைச் சொல்லட்டா? ஆட்டம் தொடங்கினதும் எதிரிய பார்த்து நேரா ஓடுறீங்க. பாசார்ல நல்ல துணி வந்திருக்குன்னு கேட்டா ஓடுவீங்களே, அந்த மாதிரி. ஓடாதீங்க லா. முதல்ல ஒரு பக்கமா ஒதுங்கி மேல ஏறுங்க. சண்டை நடக்கட்டும், நீங்க ஏறிக்கிட்டே இருங்க. மேல இருக்கிறவன் நினைச்சப்ப இறங்கலாம், நினைச்சப்ப போயிடலாம். கீழ இருக்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது.

முதல்ல குடுப்பாங்களே ரெட்டை இறக்கை விமானம், அதையே ஓட்டுங்க. காசு குடுத்துப் பெருசு வாங்குன்னு திரையில மின்னும், தொடாதீங்க. பெரிய விமானத்துல போனா கொஞ்சம் சீக்கிரமா சாகலாம், அவ்வளவுதான். ஜாய்ஸ்டிக்கும் வேணாம், மவுஸ் போதும்.

கடை நடக்குது. ஷட்டர் பத்து மணிக்குத் திறக்குது.

கொஞ்சம் முல்லை வச்சிருக்கேன்.

லோகேஸ்


6 ஜூன்

லோகேஸ்,

பூ அனுப்பாதே. இத்தாவில் பூவும் கூடாது, வாசனையும் கூடாது. இருபது வருஷம் பக்கத்துக் கடையில் இருந்து என்ன தெரிந்துகொண்டாய்? தங்கமணி தலையில் வைத்து அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகும் அறையில் கொஞ்ச நேரம் மணம் இருந்தது. ஜன்னலைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

ஒதுங்கி ஏறினேன். சரிதான். முதல் முறையாக ஆறு நிமிஷம் உயிரோடு இருந்தேன். ஆனால் ஒருவன் பின்னால் வந்தால் வளைகிறேன், அவனும் வளைகிறான். நான் இன்னும் இறுக்கமாக வளைகிறேன். நான்காவது சுற்றில் என் விமானத்துக்கு வேகம் செத்து, மூக்கு தொங்கி, அப்படியே கல் மாதிரி விழுகிறது. அவன் சுட வேண்டிய வேலைகூட இல்லை. ஏன்?

கதவைச் சாத்திக்கொண்டுதான் ஆடுகிறேன். ஹாசிமின் மனைவி கேட்டாள், "மதனி, உள்ளே என்ன சத்தம்?" என்று. "ஃபேன்" என்றேன். ஐம்பத்துநான்கு வயதில், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கொழுந்தன் மனைவியிடம் பொய் சொல்கிறேன்.

ஒன்று கவனித்தாயா? மேலே மேகத்தைத் தாண்டிப் போனால் யாரும் இல்லை, நிம்மதியாக இருக்கிறது. அப்படியே போய்க்கொண்டே இருக்கலாம் என்று ஒரு நாள் போனேன். கொஞ்ச தூரத்தில் திரையில் சிவப்பாக எழுதி வருகிறது, எல்லையைத் தாண்டிவிட்டாய், திரும்பு என்று. திரும்பாமல் இருந்தேன். விமானத்தை அதுவே திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. வானத்துக்கும் கேட் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஷட்டர் ஏன் பத்து மணிக்கு? நான் எட்டரைக்குத் திறந்த கடை அது.

ஜுபைதா


13 ஜூன்

அக்கா,

பூ விஷயம் என் மரமண்டைக்கு எட்டல. மன்னிக்கணும்.

ஒவ்வொரு வளைவும் வேகத்தைத் தின்னும். அவன் வளைஞ்சா நீங்களும் வளையணும்னு சட்டமா? கோபம் வந்தா எல்லாரும் செய்யறது அதுதான். யாராவது பின்னால வந்தா மூக்கைக் கொஞ்சம் கீழ இறக்கி, நேரா ஓடி, வேகம் சேர்த்துக்கிட்டு அப்புறம் திரும்புங்க. உடம்புல அடி பட்டா நம்ம ஏர்ஃபீல்டுக்குப் போய் இறங்கி ரிப்பேர் பண்ணுங்க. அது ஓடிப்போறது இல்ல. அப்புறம் முக்கியமா, நாலு வினாடிக்கு ஒரு தரம் பின்னால பாருங்க. புது ஆளு எல்லாம் முன்னால ஓடுற ஒருத்தனையே பார்த்துக்கிட்டுப் போய்த்தான் சாகுறான்.

உங்க பேரைப் பட்டியல்ல பார்த்தேன். "கெஜக்கோல்"னு வேற யாரு வைப்பா! நான் "மல்லி 41000", நம்ம கிள்ளான் போஸ்ட்கோடு. மத்தியானம் மூணு மணிக்கு வந்தா சேர்ந்து பறக்கலாம். வாயால பேசுற மைக் வேணாம். சர்வர்ல கண்டவனும் கத்துவான், நமக்கும் பேச்சு இல்ல. சும்மா பக்கத்துல பறக்கலாம்.

ஷட்டரைப் பத்தி எனக்குத் தெரியாது. அவங்கவங்க வசதி.

லோகேஸ்


20 ஜூன்

லோகேஸ்,

ஐந்து நாளாகச் சேர்ந்து பறந்தோம். நேற்று ஒருவனைச் சுட்டுவிட்டேன். அவன் பெயர்கூட வாசிக்க வரவில்லை, எந்த நாடோ. அதற்குப் பிறகு சாப்பிட்ட சோறு இறங்கியது, இந்த நாற்பத்தெட்டு நாளில் முதல் தடவையாக. இதைப் பாவம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

ஆனால் நான்கு வினாடிக்கு ஒரு தரம் பின்னால் பார் என்று நீதானே சொன்னாய். பார்த்தேன். தங்கமணியை உட்காரவைத்து டீ கொடுத்துக் கேட்டேன். என் துணி ஸ்டாண்டு மூன்று வாரமாக ஐந்தடியில் இல்லை. அந்த இடத்தில் உன் வாளிகள் நிற்கின்றன. போன வாரம் ஹாசிமும் நீயும் என் கடை முன்பக்கத்தை டேப் வைத்து அளந்தீர்கள்.

முப்பது வருஷம் துணி விற்றவள் நான். ஜெஞ்சாரோம் பாசார் மாலாமில், ராத்திரிச் சந்தையில், மடக்கு மேசை போட்டு ஆரம்பித்தேன். எதிரே நிற்பவள் சொல்லாமல் விட்டதை வைத்துத்தான் விலை சொல்வேன். நீ நான்கு கடிதம் எழுதுகிற அளவுக்கு விஷயம் வைத்திருந்து இரண்டு கடிதம் எழுதியிருக்கிறாய்.

மீதியை எழுது.

ஜுபைதா


24 ஜூன்

அக்கா,

எழுதுறேன். படிச்சிட்டுக் கிழிச்சிப் போட்டாலும் சரி.

கடை ஒப்பந்தம் அகமது அண்ணே பேர்ல இருக்கு. அவரு போயிட்டதால, கட்டடத்துச் சொந்தக்காரரு, நம்ம சீனத் தவுக்கே, புதுசா ஒருத்தர் கையெழுத்துப் போடணும்னு சொல்லிட்டாரு. ஜூலை முடிய கெடு. ஹாசிம் அண்ணே தன் பேர்ல எடுக்கப் போறாரு. துணிக்கடைய மூடிட்டு, பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கிற அவரு கூட்டாளிய வச்சுப் போன் கவர் கடை போடப் போறாரு. "மதனிக்கு இனி என்னத்துக்கு அலைச்சல், வீட்ல இருக்கட்டும்"னு சொல்றாரு. கெட்ட எண்ணத்துல சொல்ற மாதிரி தெரியல. அதுதான் பயமா இருக்கு.

முன்பக்கத்துல பாதிய எனக்குத் தரேன்னாரு. இருபது வருஷமா நான் ஒத்தைக் கதவுக் கடையில கால் மடக்கி உட்கார்ந்து மாலை கட்டுறேன், என் முட்டி ரெண்டும் போச்சு. காலை நீட்டி உட்கார ஒரு இடம்னு நினைச்சதும் ஆசை வந்துருச்சு. சரின்னு சொல்லல. வேணாம்னும் சொல்லல. டேப்போட மறுமுனையைப் பிடிச்சேன்.

உங்ககூடப் பறக்க ஆரம்பிச்ச பிறகு தூக்கம் வரல. தவுக்கே கெட்டவரு இல்ல. நீங்க நேர்ல போய் நின்னா உங்களுக்குத்தான் குடுப்பாரு. போங்க அக்கா.

லோகேஸ்வரி


2 ஜூலை

லோகேஸ்வரி,

ஒரு வாரமாகக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. உன்மேல் உள்ள கோபம் ஒரு நாளில் ஆறிவிட்டது. உன் இடத்தில் நான் இருந்தால் டேப்பின் இரண்டு முனையையும் நானே பிடித்திருப்பேன். ஆறாதது என்மேல் உள்ளது.

போ என்கிறாய். எப்படிப் போவேன்? ஷிரீனை ஞாபகம் இருக்கிறதா? நமக்கு இரண்டு கடை தள்ளி நாசி கண்டார் கடை போட்டிருக்கிறாளே, அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன் அவள் புருஷன் போனபோது இருபதாம் நாளே வந்து கடை திறந்தாள். சாப்பிட வந்த பத்துப் பேர் முன்னால் நான் கேட்டேன், "மண் காயவில்லை, அதற்குள் கல்லாவா?" என்று. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு எல்லோரும் என் பக்கம். நானும் நியாயம் பேசிவிட்டதாக நிமிர்ந்து நடந்தேன்.

அந்தத் தெருவில்தான் நான் இப்போது இறங்க வேண்டும். ஹாசிம் என்னைப் பூட்டி வைக்கவில்லை, லோகேஸ். அவன் மனைவியும் இல்லை. இத்தாவும் இல்லை. அந்தப் பத்துப் பேர் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

எழுந்து கேட் வரை போகிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். திரும்பி வருகிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை.

ஜுபைதா


6 ஜூலை

அக்கா,

ஷிரீன்கிட்ட போனேன். உங்க கடிதத்தைக் காட்டல, விஷயத்தை மட்டும் சொன்னேன். அவ நெத்திலிய வறுத்துக்கிட்டே கேட்டா. கடைசியில சொன்னத அப்படியே எழுதுறேன்.

"நான் பள்ளிவாசல் உஸ்தாஸ்கிட்ட கேட்டுட்டுத்தான் கடை திறந்தேன். பொழைப்புக்குன்னா பகல்ல போகலாம், அலங்காரம் கூடாது, ராத்திரிக்கு வீட்ல இருக்கணும்னாரு. அன்னைக்கு உங்க ஜுபைதாக்கா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவங்க கேட்கல, சொன்னாங்க."

பிறகு அடுப்பை அணைச்சிட்டு, "கார் வேணும்னா என்கிட்ட இருக்கு"ன்னா. சிரிக்கல.

தங்கமணி இன்னொண்ணு சொன்னா. பதினேழாம் தேதி வியாழக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு பெட்டாலிங் ஜெயாவுல தவுக்கேயோட ஆபீஸ்ல ஹாசிம் அண்ணே கையெழுத்துப் போடறதா ஏற்பாடாம்.

ரெண்டு விமானம் சேர்ந்து போறப்ப செய்யற ஒரு வேலை நான் உங்களுக்கு இன்னும் சொல்லித் தரல. ஒருத்தி கீழ மெதுவா பறந்து, எதிரி தன்னைத் துரத்துற மாதிரி இழுத்துக்கிட்டே போவா. இன்னொருத்தி மேல இருந்து வருவா. கீழ பறக்கிறவளுக்கு முட்டி வலி இருந்தாலும் பரவாயில்ல.

லோகேஸ்


14 ஜூலை

லோகேஸ்,

ஷிரீனுக்குத் தனியாக எழுதிவிட்டேன். என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன். அவள் பதிலில் மூன்றே சொல்: "ஒன்பதே முக்காலுக்கு வரேன்."

ஹாசிமின் மனைவி வியாழன் தோறும் ஒன்பதரைக்கே ஓதும் வகுப்புக்குப் போகிறாள், ஒரு மணிக்குத் திரும்புவாள். அவர் இறப்புப் பத்திரத்தையும் என் ஐசி அட்டையையும் தொட்டில் துணிக்கு அடியில் எடுத்து வைத்துவிட்டேன், தமன்னாவின் தொட்டில்.

ஹாசிம் பதினொன்றுக்குமேல் கடையை விட்டு நகரக் கூடாது. அது உன் வேலை. எப்படிச் செய்வாய் என்று நான் கேட்கவில்லை.

பயமாக இருக்கிறது. நான் யாருக்கும் எழுதாத வார்த்தை இது.

ஜுபைதா


18 ஜூலை

அக்கா,

நேத்து என்ன ஆச்சு? தங்கமணியக் கேட்டா, அக்காவே எழுதுவாங்கன்னுட்டா. நான் இங்க நகத்தைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு ஆடி முதல் வெள்ளி. ராத்திரியே மாலை கட்டி முடிச்சிருக்கணும், பாதிகூடக் கட்டல.

என் பக்கத்துக் கதைய சொல்றேன். பதினொரு மணிக்கு ஹாசிம் அண்ணே நல்ல சட்டை போட்டுக்கிட்டுக் கார் சாவியோட கிளம்பினாரு. "அண்ணே, ஒரு நிமிஷம், அந்த அளவு சரியா வரல"ன்னேன். "அக்கா, வந்து பார்க்கலாமே"ன்னாரு. "வந்து பார்க்கிற விஷயமா இது? தூணைச் சேர்த்து அளந்தீங்களா, சேர்க்காமலா? அது தெரியாம நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கு நான் யாரைக் கேட்பேன்?"

தூணைச் சேர்த்து அளந்தோம். சேர்க்காம அளந்தோம். அப்புறம் படியை அளந்தோம். வாளிய நகர்த்துறேன்னு தண்ணிய அவரு செருப்புமேல கொட்டினேன். அதை வேணும்னே செய்யல, வாளி வழுக்கிடுச்சு. பதினொன்னே முக்காலுக்கு அவரு டேப்பைத் தூக்கிப் போட்டு, "அக்கா, உனக்குப் பாதியும் வேணாம், காலும் வேணாம்"னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு. அதுக்குமேல என்னால முடியல.

போதுமா இருந்துச்சா? உடனே எழுதுங்க.

லோகேஸ்


21 ஜூலை

லோகேஸ்,

போதுமாக இருந்தது.

ஷிரீன் கார் ஓட்டினாள். ஷா ஆலம் வரை ரோட்டை மட்டும் பார்த்தாள். ஹைவேயில் லோரி ஒன்று கவிழ்ந்து, முன்னாலும் பின்னாலும் வண்டி, நடுவில் நாங்கள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "லாத்தா, பின்னாடி யாரைத் தேடுறீங்க?" என்றாள். "பழக்கம்" என்றேன். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள்.

பதினொன்று நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். தவுக்கே என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "உங்க தம்பி, நீங்க இனிமே வெளியே வர மாட்டீங்கன்னு சொன்னாரே" என்று மலாயில் கேட்டார். "இன்னும் ஐம்பத்துமூன்று நாளைக்கு வர மாட்டேன், அதற்கப்புறம் தினமும் எட்டரைக்கு வருவேன்" என்றேன். என் பெயரில் மூன்று வருஷம் போட்டிருக்கிறார். என் பெயரில், லோகேஸ். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

நாங்கள் லிஃப்டிலிருந்து வெளியே வரும்போது ஹாசிம் உள்ளே வந்தான். என்னைப் பார்த்தான், என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். "மதனி, ஜனங்க என்ன சொல்வாங்க?" என்றான். "தெரியும். நான் சொன்னதைத்தான் சொல்வாங்க" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவன் செருப்பு இன்னும் ஈரமாக இருந்தது.

சொல்கிறார்கள். தங்கமணி கேட்டுவந்து ஒப்பிக்கிறாள். மண் காயவில்லையாம். அந்த வார்த்தையைக்கூட மாற்றவில்லை.

போன் திரும்பி வந்துவிட்டது. ஹாசிம் மனைவி வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் இரண்டு மணி நேரம் கடைக்குப் போகலாம் என்று உஸ்தாஸும் சொல்லிவிட்டார். ஆனாலும் போகவில்லை. ஷட்டரைத் தங்கமணி எட்டரைக்குத் திறக்கிறாள், அது போதும். மீதி நாற்பத்தொன்பது நாளையும் இருந்தே முடிக்கப் போகிறேன். அவருக்காக இன்னும் நான் ஒழுங்காக அழவே இல்லை. கேட் அப்படியேதான் இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் குறையவில்லை.

ஸ்டாண்டை ஐந்தடியில் திரும்பப் போடச் சொல்லிவிட்டேன், பழைய இடத்தில். உன் வாளியை எடுத்துக்கொள். உனக்கு முட்டி வலி என்றால் என் கடைக்குள் கல்லாவுக்குப் பக்கத்தில் நீட்டி உட்கார்ந்து மாலை கட்டு. மத்தியானம் மட்டும். தண்ணீர் சொட்டினால் எழுப்பிவிடுவேன்.

ஜுபைதா


4 ஆகஸ்ட்

அக்கா,

போன் கையில இருந்தும் நீங்க கூப்பிடல, நானும் கூப்பிடல. அது சரி.

ஒண்ணு மட்டும் கேட்கிறேன். நேத்து மத்தியானம் நான் ஒருத்தனைத் துரத்திக்கிட்டு மலைக்கு நடுவுல கீழ இறங்கினேன். நான் உங்களுக்குச் சொன்ன தப்பையே நான் செஞ்சேன், பின்னால பார்க்கல. அப்ப ஹெட்ஃபோன்ல ஒரு குரல் "லோகேஸ், பின்னாடி!"ன்னு கத்துச்சு. காது கிழிஞ்சு போச்சு. சட்டுனு திருப்பினேன், பொழைச்சேன்.

ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் கழிச்சுக் கேட்ட குரல். அது நீங்கதானே?

லோகேஸ்


5 ஆகஸ்ட்

லோகேஸ்,

ஆமாம். அதைப் பேச்சில் சேர்க்காதே.

மூன்று மணிக்கு வா. மைக்கை அணைக்கவில்லை.

ஜுபைதா